அட்லஸ்பிளஸ்: எய்ட்ஸ் விகிதத்தை வட்டாரவாரியாகக் காட்டும் இலவசக் கருவி, ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இணையத்தில் வைத்திருக்கும் தரவுக் கருவி அட்லஸ்பிளஸ். எச்ஐவி, எய்ட்ஸ், பால்வினை நோய்கள், காசநோய், கல்லீரல் அழற்சி ஆகியவற்றின் எண்ணிக்கையையும் விகிதத்தையும் நாடு, மாநிலம், கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) என்று பிரித்துப் பார்க்கலாம். பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கும், தரவை வைத்து எழுதும் செய்தியாளர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம். ஒரு நாடு தன் எச்ஐவி பதிவேட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது அரிது.

ஆனால் எய்ட்ஸ் என்ற தேர்வைச் சொடுக்கி, நிறம் அடர்ந்த மாநிலங்களைப் பார்த்து, "தொற்று இங்கேதான் வேகமாகப் பரவுகிறது" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். அந்த எண் சொல்வது வேறு. அந்த மாநிலத்தில் அந்த ஆண்டு எத்தனை பேருடைய தொற்று, கவனிக்கப்படாமல் எய்ட்ஸ் எனப்படும் மூன்றாம் நிலைவரை முற்றியது என்பதையே அது சொல்கிறது. தொற்று பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்கலாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கருவி பொன்னாகப் பயன்படும், விட்டுவிட்டால் தவறான ஊருக்குத் தவறான பழி விழும்.

முதலில் வரையறை. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு எச்ஐவி உறுதியாகி, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினாலோ, எதிர்ப்புச் சக்தி குன்றும்போது தாக்கும் குறிப்பிட்ட சந்தர்ப்பவாத நோய்களில் ஒன்று வந்தாலோ அது மூன்றாம் நிலை, அதாவது எய்ட்ஸ். சிடி4 எண்ணிக்கை கிடைக்காதபோது மட்டும் நிணநீர் அணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள், 14-க்குக் கீழே என்றால் மூன்றாம் நிலை. இது 2014-இல் திருத்தப்பட்ட வரையறை. ஒருமுறை மூன்றாம் நிலை என்று பதிவானவர், பிறகு மருந்து எடுத்துச் சிடி4 எழுநூறுக்கு ஏறினாலும் பதிவேட்டில் எய்ட்ஸ் வகையிலேயே இருப்பார். "எய்ட்ஸ் வகைப்பாடு பெற்று வாழ்வோர்" என்ற எண்ணிக்கையைப் பார்த்து அத்தனை பேரும் இப்போது படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பலர் ஆரோக்கியமாக வேலைக்குப் போய் வருகிறார்கள்.

நீண்ட காலப் போக்கை வரைபவர்களுக்கு இந்த வரையறை பெரிய கண்ணி. எய்ட்ஸ் என்ற பெயரும் சிடிசியின் முதல் வரையறையும் 1982-இல் வந்தன. 1985-இலும் 1987-இலும் திருத்தினார்கள். 1993 ஜனவரியில் சிடி4 200 என்ற அளவுகோலையும், நுரையீரல் காசநோய், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். 1992-இல் வயது வந்தோரிடையே பதிவான எய்ட்ஸ் நேர்வுகள் 49,106. 1993-இல் அது ஏறத்தாழ 1,03,500. ஒரே ஆண்டில் நோய் இரட்டிப்பாகவில்லை, வலையின் கண்ணைச் சிறிதாக்கியதால் மீன் கூடுதலாக விழுந்தது. இப்படிப்பட்ட முறிவுகள் இருக்கும் ஆண்டுகளைத் தாண்டி ஒரே கோடாக வரையக் கூடாது.

இந்த எண்கள் எப்படிச் சேர்கின்றன என்று தெரிந்தால்தான் எங்கே ஓட்டை விழும் என்பதும் தெரியும். ஆய்வகமும் மருத்துவரும் தனித்தனியே மாநிலச் சுகாதாரத் துறைக்கு அறிக்கை அனுப்புவார்கள். அங்கே பெயரோடு பதிவாகும். பெயரை எடுத்துவிட்டு, குறியீட்டோடு சிடிசிக்குப் போகும். அந்தக் குறியீட்டின் பெயர் சவுண்டெக்ஸ். குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மெய்யொலிகளுக்கான மூன்று எண்களும் சேர்ந்தது. ராமன் என்றாலும் ராமனி என்றாலும் ஆர்-550 என்றே வரும். ஒரே குறியீடும் ஒரே பிறந்த தேதியும் இரண்டு மாநிலங்களிலிருந்து வந்தால், "இது ஒரே ஆள்தானா, பாருங்கள்" என்று சிடிசி அந்த இரு மாநிலங்களிடமும் கேட்கும். அவர்கள் பேசி, யார் முதலில் கண்டறிந்தது என்று முடிவு செய்வார்கள். இந்த வேலை தாமதமானால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் எண்ணப்படுவார். முந்தைய ஆண்டுகளின் எண்கள் பின்னாளில் சற்றே மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்வழிப் பதிவு எல்லா மாநிலங்களுக்கும் வந்து சேர்ந்தது 2008 ஏப்ரலில்தான். அதற்கு முன் சில மாநிலங்கள் எச்ஐவியைக் குறியீடாக மட்டுமே வாங்கின, எய்ட்ஸ் மட்டும் எங்கும் பெயரோடு பதிவானது. ஆகவே எச்ஐவி கண்டறிதலை மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட 2008-க்குப் பிந்தைய தரவை எடுங்கள். அதற்கு முந்தைய காலத்தில் வட்டாரங்களை ஒப்பிட எய்ட்ஸ் எண்தான் உருப்படியாக இருந்தது.

இனி பயன்படுத்தும் முறை. உள்ளே நுழைந்ததும் அட்டவணையா, வரைபடமா, நிலப்படமா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். நிலப்படம் கண்ணைப் பறிக்கும். ஆனாலும் அட்டவணையில் தொடங்குங்கள். நோய், குறியீடு (எச்ஐவி கண்டறிதலா, எய்ட்ஸ் வகைப்பாடா என, எந்த அளவு வேண்டும் என்பது), ஆண்டு, இடம், பிறகு வயது, பாலினம், இனம், தொற்று வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முதல் முறை ஒரே குறியீடு, ஒரே ஆண்டு, எல்லா மாநிலங்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து பிரிவுகளைச் சேர்த்தால் பாதிக் கட்டங்கள் மறைக்கப்பட்டு வரும். அட்டவணையில் எண்ணிக்கை, விகிதம், மக்கள்தொகை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்தக் கருவியின் சிறந்த அம்சம் இதுதான் என்பேன். விகிதத்தை மட்டும் காட்டும் தளங்கள் நிறைய உண்டு, வகுபடும் எண்ணிக்கையையும் வகுக்கும் மக்கள்தொகையையும் கையில் கொடுப்பவை குறைவு. விகிதம் ஒரு லட்சம் பேருக்கு என்ற கணக்கில் இருக்கும், நமக்கு வசதியான அளவு. வகுக்கும் மக்கள்தொகை 13 வயதும் அதற்கு மேலும் ஆனோர் மட்டும் என்பதை மறந்து மொத்த மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்பவர்களுக்கு விடை பொருந்தாது.

வட்டார விகிதம் வேண்டுமென்றால் மாநில விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மாநிலத்தில் 2 கோடிப் பேரில் 2,000 நேர்வுகள், விகிதம் 10. இன்னொன்றில் 10 லட்சம் பேரில் 300, விகிதம் 30. சராசரி எடுத்தால் 20 என்று வரும். எண்ணிக்கைகளைக் கூட்டி, மக்கள்தொகைகளைக் கூட்டி வகுத்தால் 10.95. இரண்டாவதுதான் சரி. ஏறக்குறைய இருமடங்கு பிழை ஒரு சின்னக் கணக்கில் நுழைந்துவிடுகிறது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வட்டாரங்கள் நான்கு: வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு. தெற்கில் டெக்சாஸ் முதல் டெலாவேர் வரை 16 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் அடங்கும். நாட்டின் புதிய எச்ஐவி கண்டறிதல்களில் ஏறத்தாழ பாதி இந்த வட்டாரத்தில் நிகழ்கிறது. மக்கள்தொகையில் அதன் பங்கு பாதிக்கு வெகு கீழே. இந்த வேறுபாடு உண்மையானது, வரையறையாலோ பதிவு முறையாலோ வந்த மாயை அல்ல. ஆனால் மாநிலங்களை வரிசைப்படுத்தினால் வாஷிங்டன் டி.சி. உச்சியில் வந்து நிற்கும். அது முழுக்க நகரம். மிசிசிப்பி போல ஊர்களும் வயல்களும் நிறைந்த மாநிலத்தோடு அதை ஒரே வரிசையில் வைப்பது சென்னை மாவட்டத்தை ஒரு முழு மாநிலத்தோடு ஒப்பிடுவது போல. அதைப் பால்டிமோர், மயாமி போன்ற நகரங்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த விகிதங்கள் வயதுக்கேற்பச் சீர்செய்யப்பட்டவை அல்ல. இளைஞர்கள் நிறைந்த மாநிலத்தையும் முதியோர் நிறைந்த மாநிலத்தையும் ஒப்பிடும்போது வயதுப் பிரிவு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். தொற்று வழிப் பிரிவுக்கு விகிதமே கிடைக்காது, எண்ணிக்கை மட்டும்தான். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் எத்தனை பேர், ஊசிவழிப் போதைப்பொருள் எடுப்போர் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை, அதனால் வகுக்க மக்கள்தொகை எண் இல்லை. பதிவில் தொற்று வழி விடுபட்டவர்களைப் புள்ளியியல் முறையில் பிரித்துச் சேர்ப்பதால் அந்தக் கட்டங்களைக் கூட்டினால் மொத்தம் ஒன்றிரண்டு இடிக்கும். பிழை என்று நினைத்துத் திருத்தப் போக வேண்டாம்.

இடம் என்ற கட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எச்ஐவி கண்டறிதல் எண்ணிக்கை, கண்டறிந்த நாளில் அவர் வசித்த ஊருக்குச் சேரும். எய்ட்ஸ் வகைப்பாடு, மூன்றாம் நிலையை எட்டியபோது வசித்த ஊருக்குச் சேரும். தொற்றோடு வாழ்வோர் எண்ணிக்கை, கடைசியாகத் தெரிந்த முகவரிக்குச் சேரும். ஒரே மனிதர் நியூயார்க்கில் கண்டறியப்பட்டு, ஜார்ஜியாவில் மூன்றாம் நிலை எட்டி, புளோரிடாவில் குடியிருந்தால் மூன்று அட்டவணைகளில் மூன்று மாநிலங்களில் வருவார். மூன்றும் சரியே. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால்தான் தப்பாகும். சிறைச்சாலை உள்ள சிறு கவுண்ட்டிகளில் விகிதம் திடீரென்று எகிறி நிற்பதற்கும் இதுவே விளக்கம். சிறையில் பரிசோதனை நடந்து கண்டறியப்பட்டவரின் முகவரி சிறை, ஊராருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இருக்காது.

சிறு எண்கள் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 8,000 பேர் கொண்ட ஒரு கவுண்ட்டியில் ஓர் ஆண்டு 3 பேர், மறு ஆண்டு ஒருவர் என்றால் விகிதம் 37.5-இலிருந்து 12.5-க்கு இறங்கும். மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று தலைப்புப் போடலாம், ஆனால் அதில் பொருளில்லை. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் தற்செயல் பிழை எவ்வளவு என்று கிடைக்கும். 12 நேர்வுகளுக்கு அது 29 சதவீதம். அதனால்தான் 12-க்குக் குறைந்த எண்ணிக்கையிலிருந்து வரும் விகிதத்தை நம்பகமற்றது என்று கண்காணிப்பு அறிக்கைகள் ஒதுக்குகின்றன. 12 என்று பார்க்கும்போது அதன் 95 சதவீத எல்லை, அதாவது தற்செயலை விலக்கிய உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு, 6-லிருந்து 21 வரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டி அளவில் வேலை செய்பவர்கள் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. எண்ணிக்கைகளைக் கூட்டுவதோடு ஐந்து ஆண்டு மக்கள்தொகையையும் கூட்டுங்கள்.

கவுண்ட்டியில் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் கட்டம் மறைக்கப்படும். சின்ன ஊரில் இரண்டு பேர் என்று எண் வெளியானால் அந்த இருவர் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும், அவர்களின் வாழ்க்கை அதோடு போய்விடும். மறைப்பது நியாயம். ஆனால் அந்த மறைத்த கட்டத்தைச் சுழியம் என்று படிப்பது ஆபத்து.

இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்ட்டி இதற்குச் சாட்சி. ஏறத்தாழ 24,000 பேர் வாழும் கிராமப்புறப் பகுதி. ஆண்டுக்கு ஐந்து எச்ஐவி நேர்வுகூட அதுவரை வந்ததில்லை, அதாவது இந்தக் கருவியின் விதிப்படி மறைக்கப்பட வேண்டிய இடம். 2015 ஜனவரிக்குள் 11 நேர்வுகள் உறுதியாகி, மாநிலச் சுகாதாரத் துறை விசாரணையைத் தொடங்கியது. ஆக்சிமார்போன் என்ற வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களிடையே ஊசிப் பகிர்வால் தொற்று பரவியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 180-ஐத் தாண்டியது. அதைக் கண்டுபிடித்தது எந்த ஆண்டு விகிதமும் அல்ல. தொற்று உறுதியானவர்களிடம் நேரில் பேசி, தொடர்புகளைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள் ஒரே ஊரின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள். அட்லஸ்பிளஸ் தீயணைப்பு மணி இல்லை, தீ எங்கெல்லாம் எரிந்தது என்று பின்னால் எழுதும் பதிவேடு. அதை மணியாக எண்ணி ஒரு திட்டத்தை வடிவமைத்தால் அடுத்த ஸ்காட் கவுண்ட்டியைத் தவறவிடுவோம்.

பின்னால் என்றால் எவ்வளவு பின்னால்? 2022-ஆம் ஆண்டுக்கான எச்ஐவி அறிக்கை வெளிவந்தது 2024 மே மாதம். தாமதமாக வரும் பதிவுகளுக்காக ஆண்டு முடிந்து 12 மாதம் காத்திருக்கிறார்கள். 2020-ஐத் தனியாகக் குறித்திருப்பார்கள். கோவிட் காலத்தில் பரிசோதனைகள் சரிந்ததால் அந்த ஆண்டின் கண்டறிதல் குறைந்தது, தொற்று குறைந்ததற்கு அது சான்றாகாது. 2019-ஐயும் 2020-ஐயும் மட்டும் வைத்து ஒப்பிடும் எந்தக் கட்டுரையையும் ஒதுக்கிவிடலாம்.

புதிய தொற்று எவ்வளவு என்பதே உங்கள் கேள்வி என்றால், "மதிப்பிடப்பட்ட எச்ஐவி தொற்று" என்ற குறியீட்டை எடுங்கள். கண்டறிந்தபோது சிடி4 எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை வைத்து, தொற்று எப்போது ஏற்பட்டிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை. 2022-க்கு நாடு முழுக்க 31,800 என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு கண்டறியப்பட்டவர்கள் 37,000-ஐத் தாண்டினார்கள், பழைய தொற்றுகளும் அதில் சேர்வதால் இது கூடுதல். எய்ட்ஸ் வகைப்பாடு மூன்றாவது எண். மூன்றையும் ஒரே மாநிலத்துக்கு அருகருகே வைத்துப் பார்த்தால் கதை தெரியும்: தொற்று மதிப்பீடு இறங்கியும் எய்ட்ஸ் விகிதம் இறங்கவில்லை என்றால், பரிசோதனை தாமதமாகிறது அல்லது கண்டறிந்தவர்கள் சிகிச்சையிலிருந்து நழுவுகிறார்கள். சிகிச்சையில் சேர்ந்தவர், வைரஸ் அளவு அடங்கியவர் என்ற குறியீடுகளும் அங்கேயே உண்டு. எய்ட்ஸ் எண்ணைத் தனியே எடுப்பதை விட அவற்றோடு சேர்த்துப் படிப்பதே பலன் தரும்.

இந்தியத் தரவுக்குப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ 2021-க்கு வெளியிட்ட கணக்கில் மிசோரம் 2.70 சதவீதம், நாகாலாந்து 1.36, மணிப்பூர் 1.05, நாடு முழுக்க 0.21 என்று இருக்கும். அவை ஆள் ஆளாக எண்ணி வந்தவை அல்ல. கண்காணிப்பு மையங்களில், கர்ப்பிணிகள் வரும் மையம் ஒன்றுக்கு 400 மாதிரிகள் என்ற கணக்கில் ரத்தம் எடுத்து, கணித மாதிரியில் இட்டு வரும் பரவல் மதிப்பீடுகள். முறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு: 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் சேர்ந்ததும், 52 லட்சம் என்றிருந்த மதிப்பீடு 25 லட்சத்துக்கு இறங்கியது. நாகோவின் சதவீதத்தையும் அட்லஸ்பிளஸின் லட்சத்துக்கான ஆண்டு விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அது அரிசியையும் நெல்லையும் ஒரே படியில் அளப்பதாகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலப்படத்தில் நிறப் பிரிவுகள் அந்தத் தேர்வில் உள்ள எண்களை வைத்தே பிரியும், ஆண்டை மாற்றினால் எல்லையும் நகரும். இரண்டு ஆண்டுகளின் படங்களைப் பக்கத்தில் வைத்து நிறத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றமே. படத்தின் அடியில் உள்ள எல்லை எண்களைப் பாருங்கள். கைபேசியில் அகலமான அட்டவணையைப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம், பெரிய திரையில் வேலை செய்யுங்கள்.

தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம், ஆனால் அப்படியே எக்செலில் திறந்து கணக்குப் போட்டால் கோளாறு வரும். மேலே சில வரிகள் தலைப்பும் குறிப்பும், அவற்றைத் தாண்டித்தான் நெடுவரிசைப் பெயர்கள் தொடங்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களில் காற்புள்ளி இருப்பதால் அவை எழுத்தாகப் பதிவாகும். மறைக்கப்பட்ட கட்டத்தில் எண்ணுக்குப் பதில் சொற்கள் இருக்கும். 2020-இன் ஆண்டுக் கட்டத்தில் "கோவிட்-19 பெருந்தொற்று" என்ற குறிப்பும் ஒட்டியிருப்பதால் அந்த ஆண்டு மட்டும் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். அலபாமா மாநிலத்தின் எண்குறியீடு 01, எக்செல் அந்தச் சுழியத்தைத் தின்றுவிடும், பிறகு கவுண்ட்டி நிலப்படத்தோடு பொருந்தாது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தாகவே உள்ளே எடுத்து, எண்குறியீட்டு நெடுவரிசையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். மறைக்கப்பட்டவற்றைச் சுழியமாக மாற்றாமல் வெற்றாகவே விடுங்கள்.

மாற்று வேண்டுவோருக்கு எமரி பல்கலைக்கழகம் கிலியட் சயின்ஸஸ் என்ற மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய எய்ட்ஸ்வியூ தளம் இருக்கிறது. பல நகரங்களில் அஞ்சல் குறியீடு வரை இறங்கிப் பார்க்கலாம், தாமதமாகக் கண்டறியப்பட்டோர் பங்கையும் மாநில அளவில் காட்டும். பார்வைக்கு அழகு, படிக்க எளிது. பொதுமக்களுக்கான கூட்டத்தில் திரையில் போட அதுவே ஏற்றது. ஆய்வுக்கு, எண்ணிக்கையும் மக்கள்தொகையும் கையில் வேண்டும் என்பவர்களுக்கு அட்லஸ்பிளஸ்.

கடைசியாக ஒரு பழக்கம். 2025 ஜனவரி இறுதியில் சிடிசியின் பல எச்ஐவி பக்கங்களோடு அட்லஸ்பிளஸும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது, பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பக்கங்கள் திரும்பின. அன்று கையில் பிரதி வைத்திருந்தவர்களின் வேலை நிற்கவில்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அட்டவணையையும் கோப்பாக இறக்கி, கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியைச் சேர்த்து, மேலே வரும் குறிப்பு வரிகளை அழிக்காமல் மூலப் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.